வெண்முதுகுச் சில்லையைத் தேடி

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் இரயில் வண்டியில் இடப்புறச் சன்னலோரமாக அமர்ந்து வருவோருக்கு ஒரு வழித்துணை கிடைக்கிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாய் வந்து மறைகின்றன. பாலாறு மணலாய் விரிந்து கிடக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் நீண்ட கூரைகளும் புகைபோக்கிகளும் பின்னோக்கி ஓடுகின்றன. தெற்கே நீலமாய் நிற்கும் மலைகள் மட்டும் வண்டியோடு கூடவே வருகின்றன. முதலில் ஜவ்வாது மலை. வாணியம்பாடியைத் தாண்டியபின் ஏலகிரி.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சேர்த்துத் தோல் நாடு என்றே சொல்லிவிடலாம். 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. எல்லைகள் மாறினவே அன்றித் தொழில் மாறவில்லை. விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை இச்சாலையில் நாள்தோறும் காணலாம். நம் பங்குகளிலும் எத்தனையோ குடும்பங்கள் இத்தொழிலால் அடுப்பு மூட்டுகின்றன. ஆகவே இதனைப் பழித்துப் பேசுவது நம் கருத்தன்று.

நாம் இங்கே காணப் போவது, அம்மலைகளின் சாரலில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பறவையை. தொழிற்சாலைக்கும் பறவைக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். உறவு உண்டு. அது பட்டையாலும் தண்ணீராலும் பின்னப்பட்ட உறவு. அதனை உரிய இடத்தில் சொல்வோம். முதலில் பறவையை அறிமுகம் செய்துகொள்வோம்.

பெயரும் தோற்றமும்

அதன் பெயர் வெண்முதுகுச் சில்லை. சில்லைகளை முனியா என்றும், தினைக்குருவி என்றும் வழங்குவதுண்டு. தானியம் கொறித்து வாழும் சிறு பறவைகளை ஆங்கிலத்தில் ஃபின்ச் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவ்வழக்கின்படி இதுவும் ஒரு ஃபின்ச்சே. ஆனால் பறவை நூலார் நுணுக்கமாகப் பிரிக்கும்போது ஃபின்ச்சுகளின் குடும்பம் வேறு, சில்லைகளின் குடும்பம் வேறு என்பர். உண்மையான ஃபின்ச் குடும்பத்தைச் சேர்ந்த ரோஜா நிறப் பறவையொன்று, இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்தில் தென்னாட்டு மலைகளுக்கு வந்து போவதுண்டு. அது விருந்தாளி. சில்லையோ ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் குடி.

சிட்டுக்குருவியைவிடச் சிறியது. அலகின் நுனி முதல் வாலின் நுனி வரை அளந்தால் பத்து அல்லது பதினொரு சென்டிமீட்டர்தான் இருக்கும். எடையோ 10 முதல் 13 கிராம் வரை. ஒரு தபால் உறையைக் கையில் ஏந்தினால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவே இப்பறவையின் கனம்.

தலை, முதுகு, சிறகுகள் யாவும் கரும்பழுப்பு. முகமும் தொண்டையும் மார்பும் ஏறக்குறைய கருமை. உற்று நோக்கினால் முதுகின் இறகுகளில் மெல்லிய வெளிர் கோடுகள் ஓடுவதைக் காணலாம். இக்கோடுகளை முன்னிட்டே, 1766-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், கோடிட்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை அப்பெயரில் வைத்தார். வயிறு அழுக்கடைந்த வெண்மை. வால் கருமையாய்க் கூம்பி, ஊசி போல் முடிகிறது. அலகு குட்டையாய், தடித்து, கூம்பு வடிவில் இருக்கும். மேலலகு கருமை, கீழலகு நீலம் கலந்த சாம்பல் நிறம்.

கிளையில் அமர்ந்திருக்கும்போது இது ஒரு கரிய பறவையாகவே தோன்றும். சிறகை விரித்து எழுந்தவுடன்தான் பெயருக்குக் காரணம் தெரியும். முதுகின் கீழ்ப்பகுதியில், வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, தூய வெள்ளைப் பட்டை ஒன்று பளிச்சிடுகிறது. மீண்டும் அமர்ந்து சிறகை மூடினால் அவ்வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு கூட்டம் முழுவதும் புதரிலிருந்து எழும்போது, இருட்டில் தீக்குச்சிகள் உரசினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி மறையும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேற்றுமை இல்லை. பாடுவது ஆண் மட்டுமே என்பதுதான் அடையாளம். குஞ்சுகள் சற்று மங்கிய பழுப்பாக இருக்கும். அவற்றின் முதுகுப் பட்டையும் தூய வெண்மையாக இராது.

இதன் உறவினர் மூவரை நம் வயல்களில் காணலாம். மார்பிலும் வயிற்றிலும் மீன் செதில் போன்ற கோலம் கொண்டது புள்ளிச் சில்லை. தலை கறுத்து, முதுகு செம்பழுப்பாக இருப்பது கருந்தலைச் சில்லை. மணல் நிற மேனியும் வெண்ணிறத் தொண்டையும் உடையது வெண்தொண்டைச் சில்லை. அது வறண்ட முள் காட்டை விரும்பும். இம்மூன்றும் வெளிநிலத்துப் பறவைகள். நம் வெண்முதுகுச் சில்லையோ மரநிழலையும் புதரையும் விட்டு வெகுதூரம் விலகாது. காட்டுக்கும் வெளிக்கும் நடுவே உள்ள ஓரமே அதன் வீடு.

எங்கே காணலாம்?

இந்த ஓரத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே சென்றால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்திக் காடு வருகிறது. வேலூர்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் கட்டுச்சோற்றோடு செல்லும் இடம் அது. அங்குள்ள சிறு விலங்குக் காட்சிச் சாலையில் கூண்டுப் பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரே பலர். ஓடைக் கரையின் புல்லடர்ந்த பகுதியில் கால் மணி நேரம் பேசாமல் நின்றால், கூண்டில் அடைபடாத பறவைகளும் கண்ணுக்குப் புலனாகும்.

வாணியம்பாடியிலிருந்து செல்வோருக்கு ஆலங்காயம் வழியே காவலூர்ச் சாலை உண்டு. காவலூர் என்றவுடன் வானாய்வுக் கூடம் நினைவுக்கு வரும். 1986-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. இரவிலே விண்மீன்களைக் காண அறிஞர் தேர்ந்தெடுத்த அம்மலை, பகலிலே பறவைகளைக் காணவும் ஏற்றது. சாலையின் இருமருங்கிலும் மூங்கிலும் புதர்களும், இடையிடையே மலைவாழ் மக்களின் சாமை வயல்களும் மாறிமாறி வருகின்றன. இத்தகைய கலப்பு நிலமே சில்லைக்கு உகந்தது.

ஏலகிரிக்கு ஏறுவோர் பதினான்கு கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வாகனத்தில் ஏறுபவர்கள் வளைவுகளை எண்ணுகிறார்கள். நடந்து இறங்குபவர்கள் பறவைகளை எண்ணலாம். மழை ஓய்ந்த கார்த்திகை, மார்கழி மாதங்களில் சாலையோரப் புல் ஆளுயரம் வளர்ந்து கதிர் முற்றி நிற்கும். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரம் சிறந்தது. கண்ணைவிடக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வது நலம். ஒரு குத்துப் புல் காற்றின்றி அசைந்தால், அங்கே சில்லை இருக்கிறது என்று எதிர்பார்க்கலாம்.

நடையும் உணவும்

சில்லையைத் தனியாகக் காண்பது அரிது. ஐந்தாறாகவோ, பத்துப் பதினைந்தாகவோ சேர்ந்தே இருக்கும். விளைச்சல் காலத்தில் கூட்டம் இன்னும் பெருகும். கிளையில் அமரும்போது இடைவெளி விடாமல், ஒன்றன் தோளோடு மற்றொன்றின் தோள் ஒட்டும்படி வரிசையாக அமரும். நடுவில் இடமில்லாத இடத்தில் ஒன்று வந்து நுழையும்; கோடியில் இருப்பது நழுவிக் கீழே விழப் போய், பறந்து மறு கோடிக்கு வரும். ஒன்றன் கழுத்து இறகை மற்றொன்று அலகால் கோதிவிடுவதும் உண்டு. நிமிடத்துக்கு நிமிடம் வாலை மேலும் கீழுமாகச் சொடுக்குவது இதன் பழக்கம். இவ்வால் சொடுக்கே தூரத்திலிருந்து இதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

குரல் மிக மெல்லியது. பறக்கும்போது ‘ட்ரி ட்ரி’ என்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். தந்தி அறுந்த சிறு வாத்தியத்தை விரலால் நெருடினாற்போன்ற ஓசை. ஆண் பறவை பெண்ணின் அருகே அமர்ந்து, உடல் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, மெல்லக் குதித்துக் குதித்துப் பாடும். அந்தப் பாட்டு நாலடி தள்ளி நிற்பவருக்குக் கேட்பதே கடினம். அது ஊரைக் கூட்டும் பாட்டன்று. பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் சொல்லும் சொல்.

உணவு பெரும்பாலும் புல் விதை. கதிரின் தண்டைப் பற்றிக்கொண்டு, அதன் வளைவோடு தானும் வளைந்து தொங்கி, விதை விதையாக உருவி, தடித்த அலகில் உமியை நீக்கித் தின்னும். உதிர்ந்தவற்றைத் தரையில் தத்தித் தத்திப் பொறுக்கும். சாமையும் நெல்லும் முற்றும் காலத்தில் வயலோரத்துக்கும் வருவதுண்டு. மூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை பூத்துக் காய்க்கும்போது, மூங்கிலரிசி உதிரும் காட்டில் சில்லைகள் திரளும். நீர் தேங்கிய இடங்களில் படரும் பசும்பாசியையும் இப்பறவை தின்பதை மலேசிய நாட்டில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சிறு பூச்சிகளையும் இடையிடையே கொள்ளும்.

விதை தின்னும் பறவைக்கு ஒரு கட்டாயம் உண்டு. புழுப்பூச்சி தின்னும் பறவைகளுக்கு உணவிலேயே ஈரம் கிடைத்துவிடுகிறது. உலர்ந்த விதையை உண்பதற்கோ நாள்தோறும் குடிநீர் வேண்டும். ஆகவே சில்லைக்கு வேண்டியவை மூன்று: முற்றிய புல், கூடு கட்டப் புதர், அருகில் ஒரு சிறு நீர்நிலை. இம்மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கூடு என்னும் குடும்ப இல்லம்

மழையை ஒட்டிப் புல் தழைக்கும்போது கூடு கட்டும் வேலை தொடங்குகிறது. புதரிலோ சிறு மரத்தின் கவட்டிலோ, பெரும்பாலும் நம் கைக்கு எட்டும் உயரத்திலேயே, புல்லைச் சுருட்டிப் பந்து போன்ற கூட்டை அமைக்கும். மேலே மூடியிருக்கும், வாயில் பக்கவாட்டில் இருக்கும். சில கூடுகளில் வாயிலுக்கு முன்னே திண்ணை போலச் சிறு நீட்டமும் அமைவதுண்டு. வெளியே முரட்டுப் புல். உள்ளே மெல்லிய கதிர்ப் பூக்களாலான மெத்தை. தூக்கணாங்குருவியின் கூட்டைப் போல் இதில் நெசவு நேர்த்தி இல்லை. காற்றில் பறந்து வந்து சிக்கிய வைக்கோற் கற்றை என்றே வழிப்போக்கர் நினைப்பர். அந்த எளிமையே அதற்குக் காவல்.

தூய வெண்ணிற முட்டைகள் மூன்று முதல் எட்டு வரை இருக்கும். தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கின்றன. ஏறக்குறைய பதினான்கு நாளில் குஞ்சுகள் வெளிவரும். இரண்டு பெற்றோரும் விதைகளைத் தம் தொண்டைப்பையில் ஊறவைத்துக் கொண்டுவந்து ஊட்டும். மூன்று வாரத்தில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்.

பல பறவைகளுக்குக் கூடு என்பது பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரிய இடம். குஞ்சுகள் பறந்தவுடன் கூடு பாழாகும். சில்லையின் வழக்கம் வேறு. பறக்கக் கற்ற பிள்ளைகள் மாலையில் மீண்டும் அதே கூட்டுக்கு வந்து பெற்றோருடன் உறங்குகின்றன. முட்டையிடாத காலத்திலும் உறங்குவதற்கென்றே கூடு கட்டிக்கொள்வதுண்டு. அந்திப் பொழுதில் ஒரு சிறு புல் பந்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு பறவைகள் நுழைவதைக் காண்பவர்கள், இத்தனை பேருக்கும் உள்ளே இடம் எங்கே என்று வியப்பார்கள். இரவுக் குளிரில் ஒன்றன் சூடு மற்றொன்றுக்குப் போர்வையாகிறது.

கடல் கடந்த உறவினர்

நம் நகரங்களில் வளர்ப்புப் பறவை விற்கும் கடைகளில் பெங்காலிஸ் என்ற பெயரில் பழுப்பும் வெள்ளையும் கலந்த சிறு பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். வங்காளத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது நம் வெண்முதுகுச் சில்லையின் வளர்ப்பு வழித்தோன்றல். 1760-களில் ஜப்பானின் கியூஷூ தீவைச் சேர்ந்த பிரபு ஒருவர் சீனாவிலிருந்து இப்பறவைகளை வரவழைத்தார். குஞ்சுகளைப் பேணுவதில் சிறந்தவற்றையே பொறுக்கிப் பொறுக்கி ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். இன்று அது வேறு இனப் பறவைகளின் முட்டைகளையும் அடைகாத்து, அந்தக் குஞ்சுகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்க்கும் செவிலித்தாயாக உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது.

ஜப்பானிய அறிஞர் கசுவோ ஒகனோயாவும் அவருடைய குழுவினரும் காட்டுப் பறவையின் பாட்டையும் வளர்ப்புப் பறவையின் பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். காட்டுச் சில்லையின் பாட்டு எளியது. ஒலிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். வளர்ப்புப் பறவையோ ஒலிகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பாடுகிறது. காட்டிலே பகைவருக்கு அஞ்ச வேண்டும். தன் இனத்தைப் பிற சில்லைகளிலிருந்து பிழையின்றி அறிய வேண்டும். ஆகவே பாட்டு அளவோடு நின்றது. அவ்வச்சம் நீங்கிய கூட்டில் பாட்டு விரிந்தது. இது அவர்கள் தரும் விளக்கம். மகன் தந்தையிடமிருந்தே பாட்டைக் கேட்டுக் கற்கிறது என்பதால், குழந்தைகள் மொழி கற்பதைப் பற்றி ஆராய்வோரும் இப்பறவையை நாடுகின்றனர்.

கூண்டில் பிறந்து கூண்டிலேயே வழிவழியாய் வந்த அந்தப் பறவையை வளர்ப்பது வேறு. நம் காட்டுச் சில்லையைப் பிடிப்பது வேறு. ஒரு காலத்தில் சில்லைகளை வலையில் பிடித்து, பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசிச் சந்தைகளில் விற்றனர்; வெளிநாடுகளுக்கும் பெருமளவில் அனுப்பினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது, நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆகவே சாயம் பூசிய குருவியைப் பிள்ளைகள் கேட்டு அழுதாலும் வாங்கித் தரலாகாது. சாயம் நாளடைவில் போய்விடும். பறவையும் நெடுநாள் தங்காது.

பட்டையும் தண்ணீரும்

இனி, முன்னே சொல்வதாகக் கூறிய உறவுக்கு வருவோம்.

இன்று தோலைப் பதனிடுவதற்குப் பெரும்பாலும் குரோமிய உப்பு பயன்படுகிறது. நம் பாட்டனார் காலத்தில் அப்படியன்று. ஆவாரம் பட்டையே அன்று தோல் தொழிலின் உயிர். மலையடிவாரத்திலும் புறம்போக்கிலும் வளர்ந்த ஆவாரஞ்செடியை வெட்டி, பட்டையை உரித்துக் காயவைத்து, கட்டுக் கட்டாகத் தோல் கிடங்குகளுக்குக் கொண்டுவந்தனர். அதனுடன் கொன்றைப் பட்டையும், மலையிலிருந்து கடுக்காயும் சேர்ந்தன. இவ்வாறு பாதி பதனிட்ட தோலுக்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். சென்னைத் துறைமுகத்தின் வழியாக அது சீமைக்குச் சென்று புகழ் பெற்றது.

ஆக, சில்லை கூடு கட்டும் அதே புதர்க்காட்டிலிருந்துதான் தோலுக்கு நிறம் வந்தது. புதர் வெட்டப்பட்டது உண்மை. ஆனால் புதர் அழிந்தால் தொழிலும் நின்றுவிடும் என்ற நிலையும் அன்று இருந்தது. ஆவாரை வெட்ட வெட்டத் தழைக்கும். அடுத்த ஆண்டும் அது வேண்டும். ஆலைக்கு மலையின் தயவு தேவைப்பட்ட காலம் அது.

1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முற்றும் பதனிட்ட தோலையும் காலணிகளையும் செய்து அனுப்புவதை ஊக்குவித்தது. வேலைவாய்ப்புப் பெருகியது. அதோடு குரோமிய முறையும் பரவியது. பட்டைக்காக மலையை எதிர்பார்க்கும் நிலை போயிற்று. சுமை தண்ணீரின் மேல் விழுந்தது. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் உப்பும், பதனிடச் சேர்க்கும் இரசாயனமும் கழிவுநீரோடு நிலத்திலும் ஆற்றிலும் இறங்கின.

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே தமிழகத்தில் நுழையும் பாலாறு, 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டரை நம் மாநிலத்தில்தான் கடக்கிறது. அதன் கரை மக்களுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற கணக்கு அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை, அத்தீர்ப்பின் வழியாக நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக இடம் பெற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆயினும் கதை முடியவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், பாலாற்றை மீட்கவும் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்கவும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

கிணற்று நீர் கெட்டால் மனிதன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகிறான். லாரித் தண்ணீர் வாங்குகிறான். வயல் உவரானால் உழவன் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறான். சில்லைக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. நாம் நினைவில் வைக்கச் சொன்ன மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவ்விடத்தை விட்டு அது போய்விட வேண்டியதே. உவர் நிலத்தில் பல வகைப் புல் செழிப்பதில்லை. சீமைக் கருவேலும் உண்ணிச் செடியும் அடர்ந்த இடத்தில் அவற்றின் நிழலில் புல் முளைப்பது அரிது. கோடையில் மலைச்சரிவில் வைக்கப்படும் தீயோ, புல்லையும் புதரையும் ஒருசேரக் கொண்டு போகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெண்முதுகுச் சில்லை உலகிலிருந்து அழிந்துபோகும் நிலையில் இல்லை. இலங்கை முதல் சீனம் வரை பரந்து வாழும் பறவை அது. உலகப் பட்டியல்களும் அதனைக் கவலைக்குரியதாகக் குறிக்கவில்லை. ஆனால் உலகில் எங்கோ இருப்பதும், நம் வீட்டுப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாகா. ஆம்பூரில் பிறந்த பிள்ளை, தன் ஊர்ப் பறவையைக் கடையிலே பெங்காலிஸ் என்ற பெயரில் மட்டும் காணுமாயின், இழப்பு பறவைக்கு மட்டுமன்று.

சாமை விளையும் மலை

மலைமேல் நிலைமை சற்று ஆறுதல் தருகிறது. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் வழிவழியாகச் சாமை பயிரிட்டு வருகின்றனர். சாமை வயலின் வரப்பு, சிமென்டு போட்ட வரப்பன்று. அதில் புல் உண்டு, புதர் உண்டு, ஓரத்தில் பலாவும் புளியும் உண்டு. மழை நீரிலேயே விளையும் பயிர் அது. அறுவடைக்குப் பின் தாளில் தங்கிய மணிகள் பறவைகளுக்கு ஆகின்றன. குருவிகள் கொஞ்சம் தின்னும் என்பதை ஏற்றுக்கொண்டே விதைக்கிறவர்கள் அம்மக்கள். கதிர் முற்றும் நாளில் தட்டியும் கூவியும் ஓட்டுவார்கள், அவ்வளவே.

சிறுதானியம் உடலுக்கு நன்று என்று மருத்துவர்கள் சொல்லக் கேட்டு, நகரத்தார் இப்போது சாமையைத் தேடி வாங்குகிறார்கள். உண்பவர் இருந்தால் விதைப்பவர் இருப்பார்; விதைப்பவர் இருந்தால் அந்தப் புல் வரப்பும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் நம் வீட்டில் சாமைச் சோறு பொங்கினால், அதில் மலை உழவனுக்கும் பங்குண்டு, சில்லைக்கும் ஒரு சிறு பங்குண்டு.

நம்மால் ஆவது

ஆற்றை மீட்பது அரசும் நீதிமன்றமும் ஆலை முதலாளிகளும் தொழிலாளரும் கூடிச் செய்ய வேண்டிய பெரும் பணி. அது ஒருபுறம் நடக்கட்டும். குடும்பங்களும் பங்குகளும் செய்யக்கூடிய சிறு பணியும் உண்டு.

அடிவாரத்து ஊர்களில் நம் ஆலய வளாகங்கள், பள்ளித் திடல்கள், கல்லறைத் தோட்டங்கள் ஆகியவற்றில் சுற்றுச்சுவருக்குள் நிலம் இருக்கிறது. ஆடு மாடு நுழைவதில்லை. பெரிய மரங்களும் நிற்கின்றன. நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோரின் நினைவு நாளுக்கு முன்னால் கல்லறைத் தோட்டங்களைச் செதுக்கித் துப்புரவு செய்வது நம் வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் தழைத்த புல் கதிர் விடும் பருவமும் அதுவே. சில்லையின் குஞ்சுகள் உணவு தேடும் பருவமும் அதுவே. கல்லறைகளையும் நடைபாதைகளையும் வழக்கம் போல் தூய்மை செய்வோம். சுவரோரமாக நாலடி அகலத்துக்கு மட்டும் புல்லைச் செதுக்காமல், தை மாதம் விதை உதிர்ந்து முடியும் வரை விட்டுவைக்கலாம். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காமல் அறுத்து மாட்டுக்குக் கொடுக்கலாம். ஓரத்தில் இரண்டு ஆவாரஞ்செடியை வளரவிடலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் அதன் பூ உதவும். மண் தொட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, நாள்தோறும் மாற்றி வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். கூடு கண்ணில் பட்டால் கிளையை வளைத்துப் பார்க்க வேண்டாம். பத்தடி தள்ளி அமைதியாக உட்காருங்கள். எத்தனை பறவை உள்ளே நுழைகிறது, எத்தனை மணிக்கு நுழைகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் எழுதினால், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடம் உங்கள் கையில் இருக்கும்.

அடுத்த முறை ஏலகிரிக்கோ காவலூருக்கோ குடும்பத்தோடு செல்லும்போது, ஏதேனும் ஒரு புல்வெளியோரம் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுங்கள். கரிய குருவிகள் சில கதிரில் தொங்கிக்கொண்டிருக்கும். அவை எழுந்து பறக்கும் வரை பொறுத்திருந்து, முதுகைப் பாருங்கள்.